பேனா நிற்கும் ஸ்பிரிங்

என் தம்பி எதையும் கிள்ளிப் பார்க்காமல் நம்ப மாட்டான். டயரையும் கிள்ளுவான், ரொட்டியையும் கிள்ளுவான். பட்டறைக்கு வரும் டிரைவர்கள் அவனுக்குக் 'கிள்ளி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். இருபத்தைந்து வருடமாக எஞ்சினோடு மாரடிக்கிறவன், அதற்கெல்லாம் கோபப்பட அவனுக்கு ஏது நேரம்! கழற்றிய சாமானில் உதவாததைக்கூட எறிய மனசு வராது, துடைத்து எதற்காவது வைத்துக்கொள்வான். அவன் மேசையில் துருவேறிய ஸ்பிரிங் ஒன்று நிற்கும், ஒரு சாண் உயரம். அதற்குள் பேனாக்கள். "குப்பைத்தொட்டிகூட உன் மேசையைவிட சுத்தமா இருக்கும்டா" என்று போகும்போதெல்லாம் திட்டுவேன். எனக்குத் திட்டிப் பழக்கம், அவனுக்கு வாங்கிப் பழக்கம்.

என் வீட்டுக்காரர் இறந்து பத்து மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரிப் போர்வைகளைச் சலவைக்கு ஏற்றிப்போகும் பழைய வேன் எங்களுடையது. மேட்டு ரோட்டில், வாய்க்கால் பாலத்தின் பக்கத்தில் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார். பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. அந்த இடத்தில் ஏன் இறங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் சாவியைத் திருப்பியதும் வேன் சமர்த்தாகக் கிளம்பியது. அவர் சட்டை, செருப்பு, ஒரு காலி பிளாஸ்டிக் கேன், இவ்வளவுதான் என் கைக்கு வந்தன.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எனக்கும் இரண்டு பெண்களுக்கும் அந்த வேன்தான் சோறு. மூன்றாவது நாளே, அதே பாலத்தின் பக்கத்தில், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தினேன். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. பின்னால் வெள்ளைப் போர்வை மூட்டைகள் வரிசையாகப் படுத்திருந்தன. அரை மணி கழித்துக் கிளம்பியது. மறுநாளும் அங்கேதான், அதற்கு மறுநாளும் அங்கேதான். வேறெங்கும் முள் அசையாது.

முதலில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பேச ஆரம்பித்துவிட்டேன். "என்ன வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன்!" என்று காலி சீட்டைப் பார்த்துக் கத்துவேன். எஞ்சின் டிக் டிக்கென்று ஆறும். அது பதில் என்றே நினைத்தேன்.

கிள்ளி தெர்மோஸ்டாட்டை மாற்றினான், ரேடியேட்டரைக் கழுவினான், வாட்டர் பம்ப், பெல்ட், மூடி எல்லாம் புதுசு போட்டான். ரேடியேட்டர் தண்ணீர் போகும் ஹோஸ் பைப்பைக் கிள்ளிப் பார்த்தான், கெட்டியாக இருந்தது. பட்டறையில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் முள் நடுவிலேயே நின்றது.

"ஒண்ணும் இல்லக்கா. வண்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப உங்க மாமாதான்டா நிறுத்துறாரு. வித்துடு. இனிமே என்னால முடியாது."

வேனை விற்றால் என் பிழைப்பு போச்சு என்று அவனுக்குத் தெரியும். மறுநாள் மத்தியானம் என்னோடு ஏறிக்கொண்டான். அந்த வேனில் எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும். மூடியைத் தூக்கிவிட்டு, டார்ச்சோடு குனிந்துகொண்டான். மேட்டு ரோட்டில் ஏறினேன். ஆக்சிலேட்டரை அழுத்தினேன். பாலம் தெரிந்தது. முள் கிளம்பியது.

"அக்கா," என்றான். குரலே அவனுடையதாக இல்லை. "கீழ் ஹோஸ் ஒட்டுதுக்கா. யாரோ கழுத்தைப் புடிச்சு நெரிக்கிற மாதிரி ஒட்டுது."

நானும் எட்டிப் பார்த்தேன். கை எதுவும் இல்லை. தடித்த ரப்பர் குழாய் தானாகச் சப்பையாகிக்கொண்டிருந்தது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். குழாய் 'ப்ளக்' என்று பழையபடி உருண்டையானது. தொட்டுப் பார்த்தால் கெட்டி.

அவன் நிமிரவே இல்லை. "மேட்டுல பம்ப் வேகமா தண்ணிய உறிஞ்சும்க்கா. சூட்டுல ரப்பர் இளகி ஒட்டிக்கும், தண்ணி போகாது. வண்டி நின்னா சரியாயிடும். அப்படி ஒட்டாம இருக்கத்தான் உள்ள ஒரு ஸ்பிரிங் வைப்பாங்க."

"இதுல எங்கடா?"

"போன வருஷம் ஹோஸ் மாத்தினேன்ல. துருப்பிடிச்சிருந்துச்சு. புது ஹோஸ் கெட்டியாத்தானே இருக்கு, எதுக்குன்னு எடுத்துட்டேன்."

என் கண்ணுக்குள் அவன் மேசை வந்து நின்றது. எத்தனை தடவை அதிலிருந்து பேனா எடுத்திருக்கிறேன்!

"மாமா கையில அன்னைக்கு ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டான்.

"கேன்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. வாய்க்காலில் தண்ணீர் மொள்ள இறங்கியிருக்கிறார். ஒன்பது மாதமாக நான் அங்கே பேசியதெல்லாம் என் தம்பி செய்த தப்போடு.

"திட்டுக்கா," என்றான். பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "செருப்பால அடிச்சாக்கூட வாங்கிக்கிறேன். ஏதாவது சொல்லுக்கா."

மறுநாள் ஸ்பிரிங் வைத்த ஹோஸ் மாட்டிக் கொடுத்தான். அன்று முள் நடுவிலேயே நின்றது, வேன் பாலத்தைத் தாண்டிப் போயே போய்விட்டது. ஒன்பது மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் செத்துப்போனார் எனக்கு. தாள முடியாமல் நானே ஓரங்கட்டி நிறுத்தி அழுதேன்.

ஞாயிறு தவறாமல் கிள்ளி வீட்டுக்கு வருகிறான். வேனைத் திறந்து ஹோஸைக் கிள்ளிப் பார்க்கிறான். கை கழுவிக்கொண்டு வாசலில் நின்று, "இன்னைக்காவது திட்டுக்கா" என்கிறான். பிறந்ததிலிருந்து அவனைத் திட்டியவள் நான். "சாப்பிட்டுட்டுப் போடா" என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் வரமாட்டேன் என்கிறது.