குண்டு படாத கோபுரம்

அன்று நான் கேட்ட ஒரு கேள்வியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

நான் குடியேறிய கிளேட்டனில், நூலகத்தில் நடந்த தமிழர் கூட்டத்தில் என் ஐரோப்பியப் பயணப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். உலகப் போரில் குண்டுவீச்சில் நகரமே எரிந்தபோதும் தப்பி நின்ற பழைய கோதிக் கோபுரம் திரையில் வந்தது.

“இதோட அழகைப் பார்த்து விமானிகளே மனசு இரங்கி விட்டுட்டாங்க” என்றேன். கைதட்டினார்கள்.

பின்வரிசையில் என் வயதுள்ள யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எழுந்தார். “இல்லை. குறி பாக்கிறதுக்கு விட்டிருப்பாங்கள். உயரமா ஒரு அடையாளம் வேணுமெல்லோ?”

எல்லார் முன்னாலும் மறுக்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. “ஆதாரம் இருக்குங்களா?” என்றேன் ஏளனமாக.

அவர் முன்னாலிருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எங்கட கோயில் கோபுரத்தில ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில இருந்த எங்கட வீடுதான் இல்லாமல் போச்சுது.”

இப்போது அந்தப் படத்தை எடுத்தால், என் கண் கோபுரத்தில் நிற்பதில்லை. அதன் அடியில் வீடுகளைத் தேடுகிறது.