பெலிக்ஸ் அடைத்த ஓட்டை

கோட்டைக்குப்பத்து பெலிக்ஸ் என்றால் படகுக்காரர்களுக்கெல்லாம் தெரியும். ராபர்ட்டுக்கும் செசிலியாவுக்கும் மூன்றாவது பிள்ளை. காட்டூரில் வாழ்க்கைப்பட்ட ஜெபசெல்வி அவனுக்குப் பெரியம்மா முறை. மூத்த அண்ணன் கடலுக்குப் போகிறான், நடு அண்ணன் எண்ணூரில் வேலையாக இருக்கிறான். பெலிக்ஸ் மட்டும் கரையிலேயே தங்கி, பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவனாகிவிட்டான். முகத்துவாரத்து மணலில் தட்டி அடி பிளந்த படகைக் கவிழ்த்துப் போட்டு, பிளந்த இடத்தைத் தேய்த்து, பைபர் துணி விரித்து ரெசின் பூசினான் என்றால், அந்தப் பசை இறுகிய இடத்தில் மறுபடி தண்ணீர் கசிந்தது என்று ஒருவரும் வந்து நின்றதில்லை. ஓட்டை என்று ஒன்று கண்ணில் பட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. வீட்டுக் குடம் ஒழுகினாலும் கோயில் கூரை ஒழுகினாலும் அவன் கை அங்கே போய்விடும்.

படகு வேலை போக மிச்ச நேரமெல்லாம் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளோடுதான். எவர் வீட்டிலாவது மூலையில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். உப்புக் காற்று சும்மா விடுமா? உள்ளே இருக்கும் காகிதக் கூம்பைச் சுற்றிய ஸ்பாஞ்சு வளையம் தொட்டாலே உதிரும். அதைச் சுரண்டியெடுத்துப் புதிய வளையம் ஒட்டுவான், அறுந்த சுருள் கம்பியைப் பற்ற வைப்பான். பிறகு பாட்டைப் போட்டுவிட்டு, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்துவதும், திருப்பி வைப்பதும், எதிரில் குந்தி உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்பதுமாகப் பொழுது போகும். அவன் மனைவி எப்சிபா தெருவில் சொல்லிச் சிரிப்பாள்: "எனக்குச் சக்களத்தி வேற எங்கியும் இல்ல. எங்க வூட்டு கட்டிலுக்கு அடியிலதான் கீறா."

பழவேற்காட்டில் பள்ளிவாசல் தெரு அப்துல் ஹை பாய் வீட்டுப் பெட்டிகள் இரண்டும் அவன் கைக்கு வந்தது புயல் மழைக்குப் பிறகு. அந்தப் பெட்டிகளுக்கும் பெலிக்ஸ் குடும்பத்துக்கும் உறவு உண்டு. பாய் வாலிபத்தில் சிங்கப்பூரில் தன் மாமன் கடையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது கொண்டுவந்தவை அவை. பஸ்ஸிலிருந்து இறக்கித் தலையில் சுமந்துபோய் வீடு சேர்த்தவர் ராபர்ட். ஒவ்வொன்றும் மரத்தில் செய்த கனத்த பெட்டி. "உங்க நைனா கழுத்து ஒரு வாரம் திரும்பல. யாராவது கூப்ட்டா ஆளே திரும்பி நிப்பாரு" என்று செசிலியா சொல்வாள். பாயின் மனைவி சுராயாம்மாள் உயிரோடு இருந்தவரை அந்தக் கூடத்தில் சாயங்காலமானால் பாட்டுக் கேட்கும். அவர் போன பிறகும் பாய் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

புயலன்று கூடத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மகன் முகம்மது ரியாஸ், "இத தூக்கிப் போட்டுட்டு புதுசா சின்னதா ஒண்ணு வாங்கிடலாம் வாப்பா" என்றான். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. பெலிக்ஸுக்கு ஆள் அனுப்பினார். கடைத்தெருவில் நாலு பேரிடம், "ராபர்ட் மவன் கையில குடுத்திருக்கேன், உசுரு வந்துடும்" என்றும் சொல்லிவைத்தார்.

பெலிக்ஸ் பெட்டிகளை வெயிலில் காய வைத்தான். வளையம் மாற்றினான், ஊதிப்போன பலகையை இழைத்தான். அப்போதுதான் பின்பக்கம் பார்த்தான். இரண்டு பெட்டியிலும், அடிப்பலகைக்குச் சற்று மேலே, கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் உள்விளிம்பில் நனைந்த அட்டை கந்தலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவரை அவன் கைக்கு வந்ததெல்லாம் நாலு பக்கமும் மூடிய பெட்டிகள். எவனோ ஒயர் விடுவதற்காக அறுத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறான், தண்ணீரும் இந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கந்தலைப் பிய்த்தெறிந்தான். உள்ளே பலகை வைத்து, பைபர் துணி விரித்து, ரெசின் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மரக்கலரும் அடித்தான். ஓட்டை இருந்த சுவடே தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுபோய் வைத்தான். ஜும்மா தொழுகை முடிந்து சாப்பாட்டுக்கு உறவுக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பெலிக்ஸ் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினான்.

"ஓட்டைய அடைச்சிட்டேன் பாய். இனிமே ஒரு சொட்டு தண்ணி உள்ள போவாது."

ரியாஸின் மனைவி ஜஸீலா சமையற்கட்டு வாசலில் நின்று, "ஏன் அண்ணே, இத ஏரியிலயா வுடப் போறோம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெலிக்ஸும் சிரித்தான்.

பாட்டுப் போட்டார்கள். பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் நெற்றி சுருங்கியது.

"குரலு வருது பெலிக்ஸு. அடிச் சத்தம் வரலியே. தபேலாவ தகரத்துல தட்டுற மாதிரி கீது."

பெலிக்ஸுக்கும் அது கேட்கத்தான் செய்தது. புது வளையம், போகப் போக இளகும் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டான். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால், இப்போதுதான் பெருமை பேசி முடித்த வாயால், குறை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

"பெட்டியில ஒண்ணும் இல்ல பாய். வயசாச்சின்னா காது அப்டித்தான். கீழ் சத்தம் புடிக்காது. இன்னா ரியாஸு, உனக்குக் கேக்குதா இல்லியா?"

போனிலேயே பாட்டுக் கேட்டுப் பழகிய ரியாஸ், "நல்லாத்தான கேக்குது வாப்பா" என்றான். உறவுக்காரர் ஒருவர், "மச்சானுக்குக் காது அவுட்டு!" என்று தொடையைத் தட்டினார். மறுபடி சிரிப்பு. பாய் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கையால் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்டியா" என்றார். எழுந்துபோய்த் தானே பாட்டை நிறுத்தினார்.

அதன் பிறகு சில வாரம் கழித்து, பெலிக்ஸ் பெரியம்மாவைப் பார்க்கக் காட்டூருக்குப் போனான். பக்கத்து வீட்டு லோகநாயகி, "எங்க வூட்டுக்காரர் வெச்சிட்டுப்போன பொட்டி ஒண்ணு கொரகொரங்குது, வந்து பாரு" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தான். அதுவும் பழைய மரப்பெட்டி. பின்பக்கம், அதே இடத்தில், அதே அளவு ஓட்டை. ஆனால் இதில் கறுப்புக் குழாய் ஒன்று ஒழுங்காகப் பொருத்தியிருந்தது.

"இது இன்னாத்துக்குக்கா?"

"அது எனக்கு இன்னா தெரியும்? பாட்டு போட்டு, அந்த ஓட்டைகிட்ட மெழுவத்தி காட்டுனா சுடர் ஆடும். புள்ளைங்களுக்கு வேடிக்க காட்டுவாரு அவரு."

பெலிக்ஸ் பாட்டைப் போட்டுவிட்டு உள்ளங்கையை அங்கே வைத்தான். தாளம் விழ விழக் காற்று கையில் முட்டியது. கையை அழுத்தி மூடினான். அடிச் சத்தம் செத்துப்போனது. எடுத்தான். வந்தது. மறுபடி மூடினான், மறுபடி எடுத்தான்.

"இன்னாப்பா, சின்னப் புள்ள மாதிரி வெளையாடினு கீற?" என்றாள் லோகநாயகி.

கரகரப்பு என்னவென்றுகூடப் பார்க்காமல், சாமான் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டான். பெரியம்மா வீட்டில் போட்டிருந்த சோற்றையும் தொடவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவனுக்கு, பாய் தன் காதைத் தொட்டுப் பார்த்தது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாளிலிருந்து பள்ளிவாசல் தெருவை விட்டுவிட்டு, மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். பாய் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து நுழைந்து, சத்தமில்லாமல் ஓட்டையைத் திறந்துவிட்டு வந்துவிடலாமா என்று யோசித்தான். அல்லது ஒயர் ஒன்று லூசாகிவிட்டது, சரி பண்ணித் தருகிறேன் என்று ரியாஸுக்குப் போன் போடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

அப்படி அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாளில்தான் எப்சிபா மீன் வாங்கிக்கொண்டு வந்து கூடையை இறக்கினாள்.

"ஜஸீலாவ மார்க்கெட்ல பாத்தேன். பாவம், அழுவுறா. பெரிய பொண்ண பொண்ணு கேட்டு மாப்ள வூட்டுக்காரங்க வந்தாங்களாம். ஹை பாய் கூடத்துக்கே வரலியாம். எனக்குத்தான் காது போச்சே, அவங்க ஒண்ணு கேக்க நா ஒண்ணு சொல்லி வெச்சா உங்களுக்கு அசிங்கம், நீங்களே பேசிக்குங்கன்னு உள் ரூம்ல கதவ சாத்திகினாராம். வந்தவங்க இன்னா நெனைப்பாங்க? பெரியவருக்கு சம்மதம் இல்லியான்னு கேட்டுட்டே போனாங்களாம்."

பெலிக்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னாய்யா, நா பாட்டுக்கு சொல்லிகினு கீறேன்?"

"அவரு காதுக்கு ஒண்ணும் இல்ல எப்சிபா. நாந்தான் பொட்டிய கெடுத்துட்டேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னான், ஒயர் லூசு என்று சொல்ல நினைத்தது உட்பட.

கூடை மீனுக்கு ஈ வந்தது. எப்சிபா விரட்டவில்லை.

"ஒயருன்னு சொன்னா பொட்டி சரியாப்பூடும். அந்த மனுசன் செவுடுன்னு நெனச்சிகினு உக்காந்திருப்பாரே, அதுக்கு இன்னா பண்ணுவ?" என்றாள். "உங்க நைனா இருந்தா உன்ன இந்தக் கூடையாலயே அடிச்சிருப்பாரு."

அன்று சாயங்காலம் போனான். கதவைத் திறந்தது ஜஸீலா. கூடத்தில் பெட்டிகள் மேல் துணி மூடிக் கிடந்தது. பாய் வந்து எதிரில் உட்கார்ந்து, கேட்பதற்கு வசதியாக நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சத்தமா பேசு பெலிக்ஸு. எனக்குத்தான்..."

"பாய், உங்க காது நல்லா கீது. தப்பு எம்மேல. பின்னாடி இருந்தது பொட்டி மூச்சு வுடற ஓட்டை. படகுன்னு நெனச்சி அடைச்சிட்டேன். அன்னிக்கே எனக்கும் சத்தம் கம்மியாத்தான் கேட்டுச்சு. தெரிஞ்சே பழிய உங்க காதுமேல போட்டுட்டேன்."

பாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜஸீலா, "அடப்பாவி அண்ணே!" என்றாள்.

"தொற" என்றார் பாய்.

திறப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. நல்ல வேலை செய்திருந்தான் அல்லவா. உளி வழுக்கியது, ரம்பம் பல் மழுங்கியது. ரெசின் தூள் கூடமெல்லாம் பறந்து, அவன் சட்டையிலும் பாயின் வெள்ளைத் தாடியிலும் படிந்தது. தும்மிக்கொண்டே அறுத்தான். அவன் பெருமையாகப் பூசியது ஒவ்வொரு அங்குலமும் அவனோடு மல்லுக்கு நின்றது. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாய் பார்த்துக்கொண்டேயிருந்தார். திட்டியிருந்தால் பெலிக்ஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிய்த்தெறிந்த அட்டைக் குழாய்க்குப் பதிலாக, பிளம்பர் பைப்பில் துண்டு வெட்டி எடுத்து வந்திருந்தான். ஒன்றைச் செருகிப் பாட்டைப் போட்டான்.

"கொழகொழன்னு கீது" என்றார் பாய்.

வெளியே எடுத்து ஒரு விரற்கடை வெட்டினான். செருகினான்.

"இன்னும் கொஞ்சம்."

மறுபடி வெட்டினான். பெலிக்ஸின் காதுக்கு முன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தபேலாவின் அடி கூடத்துத் தரையில் வந்து விழுந்தது. நாற்காலிக் கையில் அவர் விரல் தாளம் போட்டது.

"இதான்" என்றார். "இதான் சுராயா கேட்டது."

பெலிக்ஸ் தலையைக் குனிந்துகொண்டே மற்றப் பெட்டியையும் அறுத்து முடித்தான். தூளைக் கூட்டி அள்ளினான். சாமானைப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன் பாய்" என்று வாசல் வரை போய்விட்டான்.

"பெலிக்ஸு. எங்காது போச்சுன்னு நீ சொன்னப்போ எத்தினி பேரு கேட்டாங்க?"

அவன் திரும்பி நின்றான்.

"இன்னிக்கு ஜஸீலா ஒருத்திதான் கேட்டிருக்கா. வெள்ளிக்கெழம அவங்கல்லாம் சாப்பாட்டுக்கு வராங்க. மாப்ள வூட்டுக்காரங்களையும் வரச் சொல்றேன். நீயும் வா."

வெள்ளிக்கிழமை பெலிக்ஸ் கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். எப்சிபாவைக் கூட வரச் சொன்னான். "உன் வாய்க்கு நா எதுக்கு தொண?" என்று அவள் வரவில்லை. அதே கூடம், அதே ஆட்கள், அவர்களோடு மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர். ரியாஸ் அவனைப் பார்த்தும் பாராத மாதிரி பந்தி பரிமாறினான். தட்டில் வைத்த பிரியாணியை பெலிக்ஸ் கிளறிக்கொண்டிருந்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்று தொடையைத் தட்டியவர், "இன்னா மச்சான், இன்னிக்கு பொட்டி கும்முனு பேசுது?" என்று கேட்டார்.

பாய் எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்தினார். வந்து உட்கார்ந்து பெலிக்ஸைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"அன்னிக்கு நா ஒண்ணு சொன்னேன்..." என்று ஆரம்பித்தான். பாதி வார்த்தை சட்டைக் காலருக்குள்ளேயே போய்விட்டது.

"எனக்குக் கேட்டுச்சு பெலிக்ஸு" என்றார் பாய். "அந்தக் கடைசியில உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கல. சத்தமா சொல்லு."

பெலிக்ஸ் தட்டை நகர்த்தி வைத்தான். எழுந்து நின்று, அடைத்த ஓட்டையிலிருந்து தொடங்கி மறுபடி சொன்னான்.