பூட்டனின் தலைப்பெழுத்து

எங்கள் குடும்பத்தில் பூட்டன் ஒருவருக்குத்தான் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இல்லை. அவர் அப்பாவின் அப்பப்பா. லிவர்பூலில் பிறந்தவர் என்றும், ஐந்தாறு வயதில் ஒரு மாலுமி அவரைக் கப்பலில் கூட்டிவந்து யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் விட்டுவிட்டுப் போனார் என்றும் சொல்வார்கள். வளர்ந்து ஆங்கில வாத்தியாராகி, பாதி ஊருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் பெற்றவர்கள் யாரென்று அவருக்கே தெரியாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

ஊர் அதை மறக்கவில்லை. அப்பாவுக்குப் பேசிய முதல் கல்யாணம் அதனாலேயே குழம்பியது. "மாப்பிளையின்ரை அப்பப்பா ஆர் பெத்த பிள்ளை எண்டே தெரியாதாம்" என்று பெண் வீட்டார் சொல்லியனுப்பினார்களாம். அப்பா இதை எங்களிடம் ஒரேயொரு முறைதான் சொன்னார்.

இங்கிலாந்தின் பழைய குடிசனக் கணக்கெடுப்புப் பக்கங்களை இணையத்தில் பார்க்கலாம் என்று தெரிந்ததும் நான் தேடத் தொடங்கினேன். வெளியே பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில், கனடாவில் ரூஜ் என்ற இடத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியோடு உட்காருவேன். லிவர்பூல், பிறந்த இடம் இலங்கை என்று போட்டால் தனி ஆண்கள் வருவார்கள், கப்பல்காரர்கள். பிள்ளையோடு ஒரு குடும்பமும் வரவில்லை. இரண்டு மூன்று குளிர்காலம் இப்படியே போனது.

ஒருநாள் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் இருந்து அக்கா வந்திருந்தாள். தேநீர் குடித்துக்கொண்டே, நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லிச் சிரித்தாள். அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தோம். டொக்டரிடம் போனபோது, எங்கே பிறந்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். அம்மா தன் பேச்சில் "யாப்பாணம்" என்றா. அடுத்த முறை போனபோது யப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார்.

"பாவம் அந்த மனுசன், அம்மாவுக்குக் குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் சொன்னவர்" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "பொறு அக்கா" என்றேன். பிறந்த இடத்தில் இலங்கையை அழித்துவிட்டு யப்பான் என்று அடித்தேன்.

சில பெயர்களே வந்தன. அதில் ஒன்று எங்கள் வீட்டில் புழங்கிய பெயர்!

கணக்கெடுக்க வந்த வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். எழுத்துகள் கோணல்மாணல்தான். ஆனாலும் வாய்விட்டு வாசித்தால் அது பூட்டன் தன் மூத்த மகளுக்கு வைத்த அதே பெயர். ஏன் அந்தப் பெயர் என்று யாரும் யோசித்ததில்லை. அது அவருடைய தாயின் பெயர்; அது மட்டும் அவருக்கு நினைவில் நின்றிருக்கிறது. பிறந்த இடம் யப்பான். மாலுமிகள் தங்கும் வீடு நடத்துகிறா. கப்பல் சமையல்காரரின் மனைவி. அதற்குக் கீழே மூன்று வயது மகன், பிறந்தது லிவர்பூலில். பூட்டனின் பெயரேதான். அதற்குப் பின்னால், அந்த நாட்டு வழக்கப்படி, தகப்பனின் பெயரும் இருந்தது. நல்ல தமிழ்ப் பெயர்.

கணினியைத் தூக்கிக்கொண்டு நானும் அக்காவும் கீழ்த்தளத்துக்கு ஓடினோம். அங்கேதான் அப்பா அம்மாவின் குடித்தனம். அப்பா கண்ணாடியைப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இதிலை என்ன போட்டிருக்கு?"

"வீட்டுக்குத் தலைவர் ஆரெண்ட இடத்திலை அவவின்ரை பேரைத்தான் போட்டிருக்கு, அப்பா."

"அப்ப தேப்பன்?"

"கப்பலிலை சமையல். கணக்கெடுத்த அண்டைக்குக் கடலிலை நிண்டிருப்பார்."

அப்பா தன் பூட்டனின், அந்தக் கப்பல் சமையல்காரரின், பெயரை மெதுவாக, இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாப்பாணத்திலை இருந்து போய், வெள்ளைக்காரன்ரை ஊரிலை, தனிய நிண்டு வீடு நடத்தியிருக்கிறா. அந்த மனுசியின்ரை வழியிலை வந்த ஆக்கள் நாங்கள்."

"உது ஒண்டும் தெரியாமலேதான் நான் உங்களைக் கட்டினனான்" என்றா அம்மா, குசினியில் சமைத்தபடி. அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று முழுக்க அவர் போனை வைக்கவில்லை. பாரிசில் சித்தப்பா, லண்டனில் மாமி, கொழும்பில் யாரோ தூரத்து உறவு. முதல் அழைப்பில் அது மாலுமிகள் தங்கும் வீடாக இருந்தது. பொழுதுபடும் நேரம், "என்ரை பூட்டி லிவர்பூலிலை பெரிய ஹோட்டல் வைச்சிருந்தவ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் திருத்தப் போகவில்லை.