மேல்வீட்டுப் பெண்ணுக்கு நான் இருந்த காவல்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில், மூன்று தளமுள்ள ஒரு வீட்டின் நடுத்தளத்தில் குடியிருந்தோம். எங்களுக்கு மேலே ஹெயிட்டியிலிருந்து வந்த ஒரு தாயும் பதினைந்து வயது மகளும். பின்பக்கப் படி துருப்பிடித்துப் பாவனையில் இல்லாததால், அவர்கள் போய்வர இருந்த ஒரே வழி என் ஜன்னலை உரசிக்கொண்டு ஏறும் இரும்புப் படிதான். அந்த ஜன்னலடியில் என் தையல் மெசின் இருந்தது. ஒரு கொம்பனிக்காரன் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடும் சட்டைக் கொலர்களைக் காலையிலிருந்து மாலைவரை தைப்பேன். எனக்குத் தெரியாமல் ஒரு பூனைகூட அந்தப் படியில் ஏறியதில்லை.

தாய் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். பகல் இரண்டு மணிக்குப் போனால் பிள்ளை படுத்த பிறகுதான் வருவார். அந்த மாரிகாலத்தில் அவர்களுடைய தேவாலயத்தில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். கறுப்புப் பிள்ளைகளைப் போதைப் பழக்கத்திலிருந்து காப்பாற்றுவது எப்படி என்பதுதான் பேச்சு. அங்கே கொடுத்த துண்டுப் பிரசுரத்தோடு அடுத்த நாள் அவர் என் சமையலறைக்கு வந்தார். எந்நேரமும் தூக்கம், சிவந்த கண், படிப்பில் கவனமின்மை, புதிய சிநேகிதர்கள் என்று அடையாளங்களை வாசித்துக் காட்டினார்.

“நீங்கள் நாள் முழுக்க ஜன்னலடியிலதானே இருக்கிறீங்கள். என்ர பிள்ளையைக் கீழ இறங்க விடாதேங்கோ. றோட்டிலதான் எல்லாம் இருக்கு” என்றார்.

எங்களுக்குள் இருந்தது அரைகுறைப் பிரெஞ்சும் கொஞ்சம் கையசைப்பும்தான். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தால் எல்லோரும் என் ஊர்ப் பேச்சில்தான் கதைக்கிறார்கள். நான் என்ன செய்ய!

காவல் வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெண்பிள்ளை இல்லை. அதனால் பெண்பிள்ளை வளர்ப்பதைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கவில்லை. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவர்களுடைய வீட்டுச் சாவி என்னிடம் இருக்கும். மூன்றரைக்கு அவள் ஜன்னலில் தட்டி அதை வாங்கிக்கொண்டு மேலே போவாள். பிறகு இறங்குவதென்றால் என் வீட்டுக்கு மட்டும்தான் இறங்கலாம். கூடைப்பந்து நின்றது, நூலகம் நின்றது, சினிமா நின்றது. “இண்டைக்கும் ஒரு இடமும் போகேல்லை” என்று நான் தாய்க்குச் சொல்லும்போது, பரீட்சையில் முதலாவதாக வந்தது நான்தான் என்பதுபோல இருக்கும்.

நானும் வெளியே போகிறவள் இல்லை. எங்கள் அகதி வழக்கு விசாரணைக்குக் காத்துக் கிடந்தது. விசாரணை முடியும்வரை ஒரு சின்னச் சச்சரவில்கூட மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கணவர் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குப் போய்விடுவார். நான் கொலர் தைத்துக்கொண்டு கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

அவள் பின்னேரங்களில் கீழே வந்து தேநீர் குடிக்கத் தொடங்கினாள். தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்து என்னை ‘அன்ரி’ என்று கூப்பிடுவாள். என் பிரெஞ்சைக் கேட்டு மேசையில் கவிழ்ந்து சிரிப்பாள். பிறகு சிரிப்புக் குறைந்தது. ஒருநாள், கோப்பையைத் தொடாமல் சொன்னாள்.

“அன்ரி, எனக்கு நித்திரை வருகுதில்லை. நெஞ்சுக்குள்ள ஆரோ ஏறி இருக்கிற மாதிரி இருக்கு. மூலைக்கடை டெப்பனருக்குள்ள போனால் கடைக்காரன் பின்னாலயே வாறான். பள்ளிக்கூடத்தில என்ன காணாமல் போனாலும் முதல் என்ர லொக்கரைத்தான் திறக்கினம். காலமை எழும்பினால் அம்மா கண்ணைக் காட்டு எண்டுறா. நான் ஒண்டும் செய்யேல்லை அன்ரி.”

இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? நான் கேட்டது ‘நித்திரை வருகுதில்லை’ என்ற முதல் வசனத்தை மட்டும்தான். எனக்கும் அதே வியாதி. யாழ்ப்பாணத்தில் ஹெலிகொப்டர் சத்தத்தில் போன நித்திரை மொன்றியலில் திரும்பி வரவில்லை. வைத்தியர் நித்திரைக் குளிசை எழுதித் தந்திருந்தார். எங்கள் ஊரில் ஒருவருக்கு எழுதிய மருந்தை ஒன்பது பேர் குடிப்போம். தலையிடி என்று வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பினால் மரியாதை இல்லை. ஃபிரிட்ஜின் மேலிருந்து போத்தலை எடுத்து, குளிசையின் நடுக்கோட்டில் உடைத்துப் பாதியைக் கொடுத்தேன்.

“படிச்சு முன்னுக்கு வந்தால் எல்லாம் சரியாகும். இதைப் போட்டிட்டுப் படு பிள்ளை.”

அடுத்த நாள் வந்து, நன்றாகத் தூங்கினேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரீட்சை வாரம் முழுவதும் பாதி. பிறகு முழுக் குளிசை. பிறகு மெசினை நிறுத்திவிட்டு எழும்பப் பஞ்சியாக இருந்ததால், “மேலதான் இருக்கு, எடு” என்றேன். போத்தல் வேகமாகக் குறைந்ததை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கவனித்தேன். நானே கூடப் போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அமைதியானாள். வெளியே விடச் சொல்லிக் கெஞ்சுவதில்லை. சனிக்கிழமை மத்தியானம்வரை படுத்திருந்தாள். “அடங்கிட்டாள், கடவுள் புண்ணியம்” என்றார் தாய். தூக்கம், சிவந்த கண், கவனமின்மை எல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தபடியே எங்கள் கண்முன் நடந்தன. ஆனால் புதிய சிநேகிதர்கள் என்று யாரும் இல்லை. பழையவர்களும் இல்லை. அதனால் நாங்கள் இருவரும் நிம்மதியாக இருந்தோம்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் தாய் படியில் ஓடி இறங்கி வந்தார். வகுப்பில் மகள் எழுப்ப எழுப்ப எழும்பாமல் கிடந்தாளாம். பையைத் திறந்தபோது போதை மருந்து இருந்ததாம்.

“நீங்கள் வந்து சொல்லுங்கோ. அவள் ஒரு இடமும் போறேல்லை எண்டு நீங்கள்தான் கண்ட சாட்சி.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கறுப்புப் பிள்ளை என்றால் எதையும் சொல்லலாமா? நல்ல சேலை உடுத்து, மேலே பனிக்கோட்டுப் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டிய வசனங்களை பஸ்ஸில் மனப்பாடம் செய்தபடி போனேன்.

அறையில் உப அதிபர், பள்ளித் தாதி, போதைத் தடுப்புக்குப் பொறுப்பான ஓர் இளைஞர். மூலையில் அவள், தலை நிமிராமல். இளைஞர் நல்ல மாதிரித்தான் கதைத்தார். பூங்காவில் யாரோடு நிற்கிறாள், யார் விற்கிறார்கள் என்று கேட்டார். பூங்கா என்று அவராகவே முடிவு செய்திருந்தார். நான் எழுந்து நின்றேன்.

“மூண்டு மாசமாய் நான்தான் பாக்கிறன். பள்ளிக்கூடம் விட்டால் மேல் வீடு, இல்லாட்டி என்ர வீடு. வேற ஒரு இடமும் இல்லை. சத்தியமாய்.”

“அப்படியெண்டால் இது எங்கையிருந்து வந்தது?” என்று கேட்ட தாதி ஒரு ரிஷ்யூத் தாளை மேசையில் விரித்தார்.

உள்ளே ஐந்தோ ஆறோ குளிசைகள். ஒன்று பாதி. உடைத்த இடம் எனக்குத் தெரிந்த இடம்.

என் வாய்ச் சத்தியத்தாலேயே எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு நான் நடுவில் நின்றேன். ரோடு இல்லை, பூங்கா இல்லை, யாரும் இல்லை. மிச்சம் இருந்தது என் வீடு மட்டும்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘நான்தான் கொடுத்தேன்’ என்பதற்குப் பிரெஞ்சு எனக்குத் தெரியும். வக்கீலின் முகமும், வராத கடிதமும், பிள்ளைக்குப் போதை கொடுத்தவள் என்று எழுதிய ஒரு கோப்பும் கண்ணுக்குள் வந்தன.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு தாதியிடம் சொன்னாள்.

“நான் களவெடுத்தனான். அன்ரிக்குத் தெரியாது.”

நான் உட்கார்ந்தேன். உட்கார முடிந்ததே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிப்பதில்லை.

இரண்டு வாரம் அவளை இடைநிறுத்தினார்கள். களவு என்று கோப்பில் எழுதினார்கள். ஏன் நித்திரை வரவில்லை என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆளும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தாய் வேலைக்குப் போகாமல் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு கீழே வந்தார். அழுது அழுது அவருடைய முகம் வீங்கியிருந்தது. என் சமையலறை நிலத்தில் மகளை முழந்தாளில் இருத்தினார். அவர்கள் ஊரில் பெரிய பிழைக்கு அப்படித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

“உங்கட வீட்டில சாப்பிட்டிட்டு உங்களிட்டையே களவெடுத்திருக்கிறாள். கேளடி.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். நான் சொல்லப்போவதற்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். உப அதிபர் இல்லை, தாதி இல்லை, கோப்பு இல்லை.

“மன்னிச்சிட்டன்” என்றேன்.

தாய் என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார்.