எலும்பு வழியாக வந்த கேள்வி

என் தங்கைக்கு இந்த வருஷம் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, கிடையாது என்று கன்னியர் மடத்து மதர் சொல்லிவிட்டார். ஞானோபதேச வகுப்பில், "உன்னைப் படைத்தவர் யார்?" என்று கேட்டதற்கு, கொஞ்சமும் தயங்காமல் "எங்க அக்கா" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது.

அந்த அக்கா நான்தான். எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு எட்டு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மூன்று தடவை கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் நாலாவது தடவை முதுகில் ஒன்று வைப்பேன். அவளோ அப்போதுதான் திரும்புவாள். திமிர் பிடித்தவள் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். ஆனாலும் புதுநன்மைக்காக அம்மா தைத்து வைத்திருந்த வெள்ளைக் கவுனை, மதர் சொன்ன பிறகும் அவள் தினமும் பெட்டியிலிருந்து எடுத்து மேலே வைத்துப் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வருஷம் அது அவளுக்குப் பற்றாது.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஒலி அலை பாடம். அலை என்றதும் நாங்கள் காரைக்கால் கடற்கரையை நினைத்துக்கொண்டோம். டீச்சர் தலையிலடித்துக்கொண்டார்.

"கடலை விடுங்கடி. சனிக்கிழமை திருநள்ளாத்துக் கியூவ நெனச்சுக்கங்க. கடைசி ஆளு தள்ளுனா தள்ளு முன்னால வரைக்கும் போவுது. ஆளுங்க போறாங்களா? அங்கங்கதான நிக்கிறாங்க. காத்தும் அப்படித்தான், ஒண்ண ஒண்ணு தள்ளிக் காதுவரைக்கும் கொண்டாந்துடுது. கட்டை, எலும்பு மாதிரி கெட்டியான சாமான்ல இன்னும் வேகமாப் போவும்."

பிறகு ஒரு நூலின் நடுவே கரண்டியைத் தொங்கவிட்டு, இரண்டு நுனியையும் எங்கள் காதில் அழுத்தி, கரண்டியை மேஜையில் மோதவிட்டார். 'டங்' என்று தலைக்குள் முழங்கியது.

சாயங்காலம் வீட்டில் அதையே செய்து காட்டினேன். தங்கைக்கு எதையும் வாயில் வைக்கும் பழக்கம். நூலைக் காதில் வைக்காமல் பல்லில் கடித்துக்கொண்டாள். "சனியனே" என்று கையை ஓங்கினேன். அதற்குள் கரண்டி ஜன்னல் கம்பியில் இடித்தது. அவள் கண் அகன்றது.

"அக்கா! கோயில் மணி!"

மாதா கோயில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில். மணி தினம் மூன்று வேளை அடிக்கும். "தினம்தான கேக்குது, என்ன புதுசா?" என்றேன்.

"வீட்டுலேர்ந்தா? கோயிலுக்குள்ள போனாத்தான கேக்கும்?" என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் காதுக்குப் போகும் காற்று வழி எங்கோ அடைத்திருந்தது. எலும்பு வழி திறந்துதான் இருந்தது. அம்மா முதலில் நம்பவில்லை. "பிஸ்கட் பாக்கெட்டப் பிரிச்சா மட்டும் கேக்குதே" என்றாள். "அவ பாத்துட்டு வர்றாம்மா, கேட்டு வரல" என்றேன். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து என் தாடையை அவள் உச்சந்தலையில் அழுத்திக்கொண்டு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தேன். முதல் கேள்வியிலேயே சட்டென்று நிமிர்ந்தாள். என் பல் நாக்கைக் கடித்துவிட்டது.

"படைத்தவரா? உன்னை அடித்தவர் யார்னு கேக்குறாங்கன்னுல்ல நெனச்சேன்!"

நாக்கு வலித்ததைவிட வெட்கம்தான் அதிகம் வலித்தது. அவள் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அம்மா கெஞ்சியதில் மாதா கோயில் பங்குச் சாமியார் இன்னொரு தடவை கேட்க ஒப்புக்கொண்டார். கேள்வி கேட்டதும் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கிருந்து தைரியம் வந்ததோ, "சாமி, அவளுக்குக் காதுல விழாது. தாடைய அவ தலையில வச்சுக் கேளுங்க" என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். சாமியார் குனிந்து, நரைத்த தாடியோடு தாடையை அவள் உச்சந்தலையில் வைத்தார்.

"உன்னைப் படைத்தவர் யார்?"

"சர்வேசுரன்" என்றாள். அதோடு விட்டாளா? "அக்கா இப்பல்லாம் அடிக்கிறதில்ல, சாமி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாமியார் தாடையை எடுக்காமலே சிரித்தார். அந்தச் சிரிப்பு அவள் தலைக்குள் கேட்டிருக்க வேண்டும். அவளும் சிரித்தாள்.