வேனின் பின்கதவில் ஃபாதரின் பேனர்

அந்த பேனர் யோசனை என்னுடையதுதான். சமூகப்பணி படித்து முடித்த சூட்டில், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் உலகத்தைத் திருத்திவிடும் வேகத்தில் இருந்தேன். "வேனுக்குப் பின்னாடி கட்டிட்டா, எங்க போட்டோ எடுத்தாலும் பேர் விழும் ஃபாதர்" என்றேன்.

எங்கள் தொண்டு நிறுவனத்தை நடத்திய ஃபாதர் பூரித்துப்போனார். "நிவாரணம் யார் வேணா குடுப்பாங்கம்மா. நாம குடுக்கிறது மறுமலர்ச்சி." பேனரில் மறுமலர்ச்சி சின்ன எழுத்தில் இருந்தது. ஃபாதர்தான் பெரிசாக இருந்தார்.

தாம்பரத்துக்கு மேற்கே ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்த வாரம் அது. முழங்கால் தண்ணீரில் வேன் நின்றது. உள்ளே முழுக்கக் குடிதண்ணீர் கேன்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா முதல் ஆளாக வந்தாள்.

"பால் பவுடர் கீது, கலக்க நல்ல தண்ணி இல்ல. ஒரு கேன் குடும்மா. காலைலேர்ந்து கத்திக்கினே கீது."

கதவைத் திறக்கப் போனேன். பேனரை இரண்டு கதவையும் சேர்த்தே கட்டியிருந்தேன். மழையில் இறுகிய முடிச்சில் என் நகம்தான் பெயர்ந்தது.

"கயிற அறுத்துடலாமா ஃபாதர்?"

"பேனர் தண்ணில விழுந்துடுமே! ஸ்பான்சர் பேர் இருக்கு. போட்டோகிராபர் வரட்டும், அதுவரைக்கும் ஒரு சின்ன ஜெபம்" என்று கண்ணை மூடினார்.

சின்ன ஜெபம் ஆதாமில் தொடங்கியது. நோவாவைத் தாண்டும் முன்பே குழந்தையின் குரல் கம்மிவிட்டது.

"சாமி, மொதல்ல கண்ணத் தொற. அப்பால கதவத் தொற" என்றாள் அக்கா. ஜெபம் தொடர்ந்தது. பக்கத்து வீட்டில் மீன் வெட்டும் கத்தியை வாங்கிவந்து ஒரே இழுப்பு இழுத்தாள். பேனரிலிருந்த ஃபாதரின் முகம் மல்லாக்கத் தண்ணீரில் விழுந்தது. அதை மிதித்து ஏறி, கேனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மற்றவர்களுக்கு நான் எடுத்துக் கொடுத்தேன்.

எல்லாம் காலியான பிறகு போட்டோகிராபர் வந்தார்.

"ஒரே நிமிஷம்! கேனைக் கொஞ்சம் திருப்பிக் குடுங்கம்மா, போட்டோக்கு" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார் ஃபாதர்.

அக்கா இறங்கிவந்தாள். "கேனு தரமுடியாது சாமி. தண்ணி புள்ள வவுத்துல கீது, இந்தா, புள்ளயப் புடி" என்று அவர் கையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, வாயோரம் பாலோடு. அந்தப் படம்தான் எங்கள் மாத இதழின் அட்டையில் வந்தது. கீழே 'ஃபாதர் தந்த மறுமலர்ச்சி' என்று எழுதியதும் நான்தான்.