ஏழாம் லயம், நாலாம் காம்பரா, பின்பக்கம்

"அஞ்சு நிமிஷம் சேர். எக்செல்ல வீலுக்கப் போட்டா லிஸ்ட் தானா வந்துரும்."

சொன்னது நான்தான். கெம்பஸில் கம்ப்யூட்டர் படித்த திமிர். சொல்லி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. திரையில் மேலிருந்து கீழ்வரை #N/A, தேடியது இல்லையாம். முப்பத்தொரு வரி, ஒன்றுகூடத் தப்பவில்லை.

பசறைப் பக்கம் நாலு நாளாக விடாத மழை. மலைக்கு மேலே, தொழிலாளர் அறைகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயங்களின் சுவரில் வெடிப்பு. வெடிப்பைப் பார்க்க வந்த அதிகாரிகள் முப்பத்தொரு காம்பராக்களை ஆபத்து என்று குறித்து, நம்பரை மட்டும் அனுப்பியிருந்தார்கள். எந்த நம்பரில் யார், எத்தனை பேர் என்பது என்னுடைய ஷீட்டில். தோட்ட ஒப்பீஸ் பதிவுக் கொப்பியைப் பார்த்துப் போன வாரம் நானே டைப் அடித்தது. இரண்டையும் சேர்த்தால் பஸ்ஸில் ஏற்ற வேண்டியவர்களின் பெயர் வரும். பஸ் ஒன்றுதான். பாதையில் மண் இறங்கிக்கொண்டிருந்ததால் ஒரு தடவைதான் மேலே போகும் என்று டிரைவர் கறாராகச் சொல்லிவிட்டார். லிஸ்ட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் இடம்.

மேலே என் அக்கா இருந்தாள், நாற்பது நாள் பிள்ளையோடு.

இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ட்ரிம் போட்டேன். டாலர் குறி போட்டு ரேஞ்சைப் பூட்டினேன். அச்சொட்டாகப் பொருந்துவதை மட்டும் தேடச் சொல்லும் ஃபால்ஸ் கடைசியில் இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன். இருந்தது. அவசரத்தில் ஒரு தடவை நம்பர் கொலம் முழுவதையும் அழித்து, திரும்ப எடுத்தேன். இரண்டு ஷீட்டிலும் 7/4 என்றுதான் இருக்கிறது. கண்ணுக்கு ஒரே மாதிரி. மெஷினுக்கு மட்டும் என்ன கேடு?

ஆட்களைக் கொண்டுவந்து தங்கவைக்கவிருந்த மண்டபத்துக்குப் பொறுப்பான யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் என் பின்னால் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார்.

"தம்பி, அஞ்சு நிமிசம் எண்டியள்."

"இந்தா சேர், முடிஞ்சிரும்."

"முடியுதோ, நாங்கள் முடியிறமோ தெரியேல்ல."

அப்போது அக்காவின் கோல்.

"டேய், பஸ்ஸு வருமா வராதா? அடுப்படிச் சொவத்துல கை போற அளவுக்கு வெடிச்சிருக்குடா. கம்ப்யூட்டரு படிச்சவன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சியே, ஒரு பேரத் தேட இம்புட்டு நேரமா?"

"ஒன் நம்பர் சொல்லு."

"ஏழாம் லயம் நாலாம் காம்பரா. பொறந்து வளந்த வூட்டு நம்பரு கூட மறந்துபோச்சா தொரைக்கு?"

என் ஷீட்டில் அந்தக் கட்டத்தை அமத்தினேன். மேலே ஃபார்முலா வரும் பட்டியில் 7/4 இல்லை. ஏப்ரல் ஏழாம் திகதி இருந்தது, வருஷத்தோடு.

போன வாரம் டைப் அடிக்கும்போதே 07-Apr என்று மாறியது ஞாபகம் வந்தது. அசிங்கமாக இருக்கிறதென்று ஃபார்மெட்டை மட்டும் மாற்றி, பார்வைக்கு 7/4 ஆக்கிவிட்டு எழுந்து போயிருந்தேன். எங்கள் லயங்களில் எதுவும் பன்னிரண்டு காம்பராவைத் தாண்டாது. அதனால் மொத்தத் தோட்டமும் நாள்காட்டியாகிவிட்டது. அவர்கள் அனுப்பியது எழுத்து, என்னுடையது திகதி. எப்படிச் சேரும்?

பக்கத்தில் புதுக் கொலம் போட்டு, திகதியை டெக்ஸ்ட் ஃபார்முலாவால் எழுத்தாக்கி, அதில் தேடச் சொன்னேன். பெயர்கள் மளமளவென்று விழுந்தன. கத்தியேவிட்டேன்.

முப்பது பெயர். கடைசி வரி மட்டும் #N/A.

நம்பர், '7/4 பின்'.

லயத்தில் காம்பரா ஒன்றுதான். பிள்ளைகள் கலியாணம் கட்டினால் பின்பக்கம் தகரம் சார்த்தி, ஒரு அறை இழுத்துக் கட்டுவோம். அதற்கு நம்பரும் கிடையாது, ஒப்பீஸ் கொப்பியில் பெயரும் கிடையாது. முன்பக்கம் அம்மாவும் அப்பாவும். பின்பக்கம் அக்கா, மச்சான், பிள்ளை. இந்தத் தடவை ஃபார்முலாவில் பிழை இல்லை. நான் அவளை எழுதவே இல்லை.

ஃபார்முலாவை அழித்து அக்காவின் பெயரைக் கையால் அடித்தேன். மூன்று பேர்.

"இது ஆர்?" உத்தியோகத்தர் கேட்டார்.

"எங்க அக்கா சேர். பின்னால இழுத்துக் கட்டுன அறை. கொப்பில இல்ல."

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மெதுவாகக் கேட்டார். "இப்பிடி இன்னும் எத்தினை இருக்கு?"

லயத்துக்கு ரெண்டு மூன்றாவது இருக்கும். பார்க்க வந்தவர்கள் ஒன்றைத்தான் கண்டிருக்கிறார்கள். நானோ அங்கேயே வளர்ந்தவன்.

பிரிண்ட் எடுத்த தாளைத் திருப்பிப் போட்டேன். அக்காவுக்குக் கோல் எடுத்தேன்.

"குறி போட்ட காம்பரா ஒவ்வொன்னுக்கும் பின்னால யாரு யாரு இருக்கான்னு கத்திக் கேளு. பேரு சொல்லு, எழுதுறேன்."

மழைச் சத்தத்துக்கு மேலே அவள் கத்த, பதிலுக்கு யாரோ கத்த, ஒவ்வொரு பெயராக வந்தது. பதினோராவது பெயரில் லைன் வெட்டுப்பட்டது. பிறகு கிடைக்கவில்லை. எஞ்சியதை ஞாபகத்திலிருந்து எழுதினேன். ஞாபகம் வராத இடத்தில் 'பின்னால பாருங்க' என்று எழுதினேன். உத்தியோகத்தர் பின்பக்கத்திலும் கையெழுத்து வைத்து, தாளை டிரைவரிடம் கொடுத்தார்.

பஸ் திரும்பி வரும்வரை மண்டப வாசலில் நனைந்துகொண்டு நின்றேன். வந்தபோது மிதிபலகைவரை ஆட்கள். அக்கா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள்.

"என்னடா, எங்க வூட்டு நம்பரு கெடச்சிருச்சா?"

அவள் தோளுக்கு மேலால் பஸ் கதவையே பார்த்தேன். பின்பக்கத்துப் பெயர்களை விரல்விட்டு எண்ணி, கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன்.